அக்கானி ஏன் கள் ஆவதில்லை?

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அக்கானி, அந்தப் பக்கம் கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை; கேரளத்தில் உரிமம் பெற்ற ஷாப்புகளில் விற்கிறார்கள். சட்டம் இரண்டு என்றாலும், பனையோ தென்னையோ, பாளையில் சொட்டும்போது இரண்டும் இனிப்புச் சாறுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது அக்கானி, மற்ற மாவட்டத்துக்காரர்கள் சொல்லும் பதநீர். தடவாவிட்டால் இறக்குவதற்குள்ளேயே பாதி கள்.

சீவிய பாளையில் சொட்டும் பனஞ்சாற்றின் பி.எச். (அமில-கார அளவு) 7-ஐ ஒட்டி இருக்கும். அமிலமும் இல்லை, காரமும் இல்லை. லிட்டருக்கு ஏறக்குறைய 120 கிராம் சர்க்கரை, அதில் பெரும்பங்கு சுக்ரோஸ். கூடவே அமினோ அமிலம், தாது உப்பு, வைட்டமின். வெட்டவெளியில், 30 டிகிரி வெப்பத்தில் இப்படி ஒரு பந்தி விரித்தால் அழைக்காமலே ஆள் வரும். பாளையில் மொய்க்கும் ஈ, எறும்பு, குளவி எல்லாம் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிரான ஈஸ்டைச் சுமந்து வருகின்றன. ஆனால் பெரிய வாசல் கலயம்தான். மண்கலயத்தின் நுண்துளைகளில் நேற்றைய ஈஸ்ட் ஒளிந்திருக்கும்.

தோதான சூழலில் ஓர் ஈஸ்ட் செல் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகும். மாலையில் கட்டிய கலயத்தைக் காலையில் இறக்கும் 12 மணி நேரத்தில் 8 முறை பெருகி ஒன்று 256 ஆகிவிடும். ஆகவே கணக்கைத் தீர்மானிப்பது தொடக்க எண்ணிக்கை. ஆயிரம் செல்லோடு தொடங்கினால் விடியும்போது இரண்டரை லட்சம். ஒரு கோடியோடு தொடங்கினால் 256 கோடி. கலயத்தைக் கழுவிக் காயவைப்பதில் சோம்பல்பட்டால் சுண்ணாம்பும் தடுமாறும்.

ஈஸ்ட் நம்மைப் போலவே உட்கரு உள்ள செல். குறுக்களவு 5 முதல் 10 மைக்ரான். சுக்ரோஸை அப்படியே விழுங்குவதைவிட, இன்வர்டேஸ் என்னும் நொதியைத் தன் சவ்வுக்கு வெளியே அனுப்பிக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைப்பதுதான் அதன் வழக்கம். உடைந்த துண்டுகளில் பெரும்பகுதி நழுவிப் பக்கத்துச் செல்லுக்குப் போய்விடும். அதனால் நொதியே செய்யாமல் ஊரார் உழைப்பில் பிழைக்கும் ஈஸ்டுகளும் உண்டு. பரிணாம ஆய்வாளர்களுக்குப் பிடித்த திருட்டு இது.

உள்ளே போன ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு ஆல்கஹாலாகவும் இரண்டு கரியமில வாயுவாகவும் பிரிகிறது. கள் நுரைப்பது அந்த வாயுவால். இதில் செல்லுக்கு லாபம் 2 ஏ.டி.பி. (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) மட்டுமே. அதே குளுக்கோஸை ஆக்சிஜனோடு முழுக்க எரித்தால் இதைப்போல் பல மடங்கு கிடைக்கும். ஆக்சிஜன் இருக்கும்போதும், சர்க்கரை மிகுந்திருந்தால் ஈஸ்ட் நொதிக்கவே செய்கிறது. பார்த்தால் ஊதாரித்தனம். ஆனால் சர்க்கரையை வேகமாகத் தன் பக்கம் இழுத்து, போட்டியாளர்களுக்கு நஞ்சான ஆல்கஹாலாக மாற்றி வைத்துவிட்டால், சர்க்கரை தீர்ந்தபின் அந்த ஆல்கஹாலையே நிதானமாக எரித்துச் சாப்பிடலாம். ஆல்கஹாலை ஆக்க ஒரு நொதி, தின்ன அதன் சகோதர நொதி. பழைய மரபணு ஒன்று இரட்டித்து, இரண்டு பிரதிகளும் தனித்தனி வேலைக்குப் போனதால் வந்த ஏற்பாடு இது. சதைப்பற்றுள்ள பழங்கள் உலகில் பரவத் தொடங்கிய காலத்தை ஒட்டி இந்த வழக்கம் உருவானதாகக் கருதுகிறார்கள்.

கலயத்தில் ஈஸ்ட் தனியாக இல்லை. லாக்டிக் அமில பாக்டீரியா முந்திக்கொண்டு புளிப்பேற்றும். அவற்றில் ஒன்றான லியூகோனாஸ்டாக் சர்க்கரையை வழவழப்பான கோழையாக்கும். சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் ஆல்கஹால் செய்யும், அதுவும் ஈஸ்டைவிட வேகமாக. இத்தனை பேர் பங்கு கேட்பதால்தான், 120 கிராம் சர்க்கரைக்குக் கணக்குப்படி 8 சதவீத ஆல்கஹால் வரவேண்டிய இடத்தில் 4, 5 சதவீதத்தோடு நிற்கிறது. மேலும் காற்றுப்பட வைத்தால் அசிட்டிக் அமில பாக்டீரியா ஆல்கஹாலைக் காடியாக்கிவிடும்.

இப்போது சுண்ணாம்பு. நீரில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவில்தான் கரையும்; ஆனால் அதுவே பி.எச்.-ஐ 12-க்கு மேல் தூக்கிவிடும். சாறு சேரச்சேர அது இறங்கினாலும் காரமாகவே இருக்கும். ஈஸ்ட் தன் உள்ளே நடுநிலையைக் காத்து, ஏ.டி.பி. செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைக்கிறது. அவை திரும்பி உள்ளே பாயும் வேகத்தில்தான் பாஸ்பேட்டும் அமினோ அமிலங்களும் சேர்ந்து வருகின்றன, ஏற்றத்து நீர் வாய்க்காலில் பாய்வதுபோல. சுற்றிலும் காரமானால் இறைத்த அயனி அங்கேயே தொலைந்துபோகும், வாய்க்கால் வற்றிவிடும். குளுக்கோஸுக்கு மட்டும் இந்த உதவி தேவையில்லை, ஆனால் அதைக் கொண்டு மட்டும் புதுச் செல் கட்ட முடியாது. போதாததற்குச் சுண்ணாம்பின் கால்சியம் பாஸ்பேட்டைப் பிடித்து அடியில் படிய வைக்கிறது. அமிலத்தில் நன்றாக ஓடும் இன்வர்டேஸும் படுத்துவிடுகிறது. எல்லாச் செல்லும் சாவதில்லை. பெரும்பாலானவை பட்டினியில் முடங்குகின்றன.

சுண்ணாம்பு குறைந்தால் கருப்பட்டி காய்ச்சும்போது குட்டு வெளிப்படும். சுக்ரோஸ் உடைந்துபோன அக்கானி எவ்வளவு காய்ச்சினாலும் சிரட்டையில் இறுகாமல் இளகி நிற்கும், ஏனெனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த பாகு எளிதில் படிகமாகாது. கூடிப்போனால் கருப்பட்டி கறுத்துக் காறலடிக்கும். அதனால்தான் காய்ச்சுமுன் தெளியவைத்து அடி மண்டியை நீக்குவது. பலர் கவனிக்காத தவறு வேறொன்று: நீற்றிய சுண்ணாம்பைத் திறந்து போட்டுவைப்பது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாகிவிடும். வெள்ளை வெளேரென்று அதே நிறத்தில் இருக்கும், வேலை மட்டும் செய்யாது.

சந்தேகமிருந்தால் மஞ்சள்தூளைக் குழைத்துத் தாளில் தடவி உலர்த்தி, இறக்கிய சாற்றில் நனைத்துப் பார்க்கலாம். காரம் போதுமான அளவு இருந்தால் தாள் சிவக்கும். மஞ்சளாகவே நின்றால் உடனே அடுப்பில் ஏற்றிவிடுவது நல்லது.