உள்ளே இருப்பவரா, வெளியிலிருந்து வருபவரா? அமெரிக்காவில் ஸ்கூல் சூப்பரிண்டெண்டெண்ட் தேர்வு நடக்கும் விதம்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி மாவட்டத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பெரிய செய்தியை வெள்ளி மாலையில் அனுப்புவது இங்கே ஒரு வழக்கம். "நமது சூப்பரிண்டெண்டெண்ட் ஜூன் 30 உடன் விடைபெறுகிறார்." ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புதான் பள்ளி மாவட்டம்; அதன் தலைமை நிர்வாகி சூப்பரிண்டெண்டெண்ட், அவருக்கு அடுத்தவர் டெபுடி. பத்து நிமிடத்தில் எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸாப் குழு சூடாகிவிட்டது. "டெபுடிதானே அக்கா அடுத்து வருவாங்க?" என்றார் ஒருவர். "இதுக்கு நாம ஓட்டுப் போடணுமா?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "க்ரீன் கார்டே வரல, ஓட்டு எங்க போட" என்று சிரிப்பு பொம்மை போட்டார்.

மூன்றுமே நியாயமான பேச்சு. ஊரில் நமக்குத் தெரிந்த ஏற்பாடே வேறு. தமிழ்நாட்டில் முதன்மைக் கல்வி அலுவலர் மாநில அரசின் அதிகாரி. சென்னையிலிருந்து ஆணை வரும், புதியவர் பொறுப்பேற்பார், பழையவர் வேறு மாவட்டம் போவார். அவரை நியமிக்கும்போது பெற்றோரை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. அநேகமாக ஒவ்வொன்றும் தன் தலைமை அதிகாரியைத் தானே தேடி, தானே பேரம் பேசி, தானே ஒப்பந்தம் போடுகிறது.

தேர்ந்தெடுப்பவர்கள் ஸ்கூல் போர்டு உறுப்பினர்கள். பெரும்பாலான இடங்களில் ஐந்து, ஏழு அல்லது ஒன்பது பேர். நாம் ஓட்டுப் போடுவது அவர்களுக்கு. அவர்கள் பெரும்பான்மை ஓட்டால் சூப்பரிண்டெண்டெண்டை வேலைக்கு எடுக்கிறார்கள். விதிவிலக்கும் உண்டு. ஃபுளோரிடா, அலபாமா மாநிலங்களில் பல மாவட்டங்களில் இன்றும் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மிசிசிப்பி 2016 இல் சட்டம் போட்டு அந்த முறையைக் கைவிட்டது. நியூயார்க் நகரத்தில் 2002 இலிருந்து மேயர் வைத்த ஆள்தான். பதவியின் பெயரும் அங்கே சான்சலர். ஹூஸ்டனில் 2023 இல் டெக்சாஸ் மாநிலமே மாவட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தலைவரை அனுப்பியது. அங்கே உள்ளூர் போர்டு தேடும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

முதல் கேள்விக்கு வருவோம். டெபுடிக்கு உரிமை ஏதும் உண்டா? கிடையாது. பணிமூப்பு, வரிசை, "அடுத்தவர் இவர்தான்" என்ற எதுவும் இந்தப் பதவிக்குச் செல்லாது. உள்ளே இருப்பவரைத்தான் எடுக்க வேண்டும் என்றும் சட்டம் இல்லை, நாடு முழுக்கத் தேடித்தான் ஆக வேண்டும் என்றும் பொதுவான சட்டம் இல்லை. போர்டுக்கு டெபுடியைப் பிடித்திருந்தால், வேறு யாரையும் பார்க்காமலே அவரை அமர்த்தும் மாவட்டங்கள் நிறைய. பிடிக்காவிட்டால், இருபது வருடம் உழைத்தவரும் மற்றவர்களோடு சேர்ந்து விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

சட்டம் கேட்பதெல்லாம் தகுதிச் சான்றிதழ், வெளிப்படைத்தன்மை, ஒப்பந்த வரம்பு. இவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் சூப்பரிண்டெண்டெண்டுக்கு வேண்டிய கல்விச் சான்றிதழை போர்டே தள்ளுபடி செய்யலாம். அதனால்தான் அங்கே வகுப்பறை பக்கமே போகாத ஒருவரும் இந்த நாற்காலியில் உட்கார முடிகிறது. ஒப்பந்தம் அதிகபட்சம் அங்கே 4 ஆண்டு, டெக்சாஸில் 5 ஆண்டு, நியூ ஜெர்சியில் 3 முதல் 5 ஆண்டு. மேரிலாந்தில் சரியாக 4 ஆண்டு, ஜூலை 1 இல் தொடங்கும். அங்கே போர்டு தேர்ந்தெடுத்தாலும் மாநிலத் தலைமை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும்.

சரி, வேலை எப்படி நகர்கிறது? பழையவர் கிளம்பியதும் பெரும்பாலும் ஓர் இடைக்காலப் பொறுப்பாளரை வைப்பார்கள். அப்புறம் போர்டு ஒரு தேடல் நிறுவனத்தை அமர்த்தும். அந்த நிறுவனம் பெற்றோர், ஆசிரியர், மாணவர்களிடம் ஆன்லைன் சர்வே எடுக்கும், சில கூட்டங்கள் நடத்தும். அதை வைத்து "எங்களுக்கு இப்படிப்பட்டவர் வேண்டும்" என்று இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு தயாராகும். போர்டு அதை ஏற்றுக்கொண்டதும் விளம்பரம் போகும். விண்ணப்பங்கள் வரும், மூடிய கதவுக்குள் நேர்காணல் நடக்கும். கடைசியில் பொதுக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு.

அந்த இரண்டு மூன்று பக்கக் குறிப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. என் பார்வையில் உள்ளேயா வெளியேயா என்பது பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடுகிறது. "நடந்துகொண்டிருக்கும் திட்டங்களைத் தொய்வில்லாமல் தொடர்பவர்" என்று எழுதினால் டெபுடிக்கு வாசல் திறந்தாயிற்று. "பெரிய மாவட்டத்தில் துணிச்சலான மாற்றம் செய்து காட்டியவர்" என்று எழுதினால் டெபுடிக்குச் சொல்லாமலே விடை கொடுத்தாயிற்று. இடைக்காலப் பொறுப்பாளர் நிரந்தரப் பதவிக்கு விண்ணப்பிக்கலாமா என்பதையும் கிட்டத்தட்ட இந்தக் கட்டத்தில்தான் போர்டு சொல்லும்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். போர்டு கூட்டம், மடக்கு நாற்காலிகள், வாசலில் பேச்சாளர் சீட்டு. பெயரும் பேச வேண்டிய தலைப்பும் எழுதிக் கொடுத்தால் இரண்டு நிமிடம் தருவார்கள். மேடையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சின்ன விளக்கு. எனக்கு முன்னால் பேசிய ஓர் அப்பா ஐந்து நிமிட உரை எழுதி வந்திருந்தார். போர்டுத் தலைவருக்கு வணக்கம், உறுப்பினர்களுக்கு நன்றி, தான் இந்த ஊருக்கு வந்த கதை என்று ஆரம்பித்தார். விஷயத்துக்கு வருவதற்குள் மஞ்சள் எரிந்துவிட்டது. டெபுடிக்கே பதவி தர வேண்டும், அவர்தான் ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைகளின் பெயர்களைக்கூட அறிந்தவர் என்பது அவர் சொல்ல வந்தது. நல்ல வாதம். ஆனால் குறிப்பு மூன்று வாரம் முன்பே நிறைவேறிவிட்டது. அதில் வெளியூர் அனுபவம் தடித்த எழுத்தில் இருந்தது. சர்வே வந்தபோது எங்கள் குழுவில் அதை நிரப்பியவர்கள் எத்தனை பேர் என்று பிறகு கேட்டுப் பார்த்தேன். நான் உட்பட யாரும் இல்லை.

பெயர்கள் எப்போது வெளியே வரும் என்பதும் மாநிலத்தைப் பொறுத்தது. ஃபுளோரிடாவில் பொது ஆவணச் சட்டம் கறார்; விண்ணப்பித்தவர்கள் பெயரெல்லாம் வெளியே வந்துவிடும். டெக்சாஸில் விண்ணப்பதாரர் பெயர்களை ரகசியமாக வைக்கலாம். ஆனால் இறுதிப் பட்டியலில் இருப்பவரின் பெயரை, ஓட்டெடுப்புக்குக் குறைந்தது 21 நாள் முன்பாவது அறிவிக்க வேண்டும். நடைமுறையில் பல மாவட்டங்கள் ஒரே ஒரு பெயரை அறிவிக்கின்றன. 'ஒரே இறுதி வேட்பாளர்' என்ற விநோதச் சொல் அப்படி வந்ததுதான். அந்த 21 நாள் பெற்றோர் கருத்துச் சொல்வதற்கான அவகாசம்போலத் தெரியும். போர்டு அதற்குள் மனசு வைத்துவிட்டிருக்கும் என்பதுதான் நிஜம். ரகசியத்துக்கு ஒரு காரணமும் உண்டு. வேறு ஊரில் பதவியில் இருப்பவர், தான் வேலை தேடுவது அங்கே தெரிந்துவிடுமோ என்று பயந்து விண்ணப்பிக்கவே மாட்டார்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால் லாஸ் ஏஞ்சலிஸைப் பார்க்கலாம். நாட்டின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது. 2016 ஜனவரியில் நாடு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் வீட்டுக்குள்ளேயே இருந்த மிஷெல் கிங்கை எடுத்தார்கள். அதே மாவட்டத்துப் பள்ளிகளில் படித்து, ஆசிரியருக்கு உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். உடல்நலம் குன்றி அவர் விலகியதும், 2018 மே மாதம் ஆஸ்டின் பியூட்னர் வந்தார். முதலீட்டு வங்கியாளர், நகரத்தின் முன்னாள் துணை மேயர். பள்ளி நடத்திய அனுபவம் இல்லை. போர்டு 5-2 என்று பிரிந்து ஓட்டுப் போட்டது. அவருக்குப் பிறகு 2021 டிசம்பரில் மியாமியிலிருந்து ஆல்பர்ட்டோ கர்வால்யோ. கல்வித்துறைக்காரர், ஆனால் வேறு ஊர்க்காரர். இந்த முறை போர்டு ஒருமனதாக இருந்தது. ஆறே வருடத்தில் உள்ளூர்க்காரர், துறைக்கே வெளியாள், துறைக்குள் வெளியூர்க்காரர் என்று மூன்று வகையையும் பார்த்துவிட்டார்கள்.

இதில் 'வெளியாள்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். வெளியூர் வேறு, வெளித்துறை வேறு. வெளித்துறை ஆளின் கதைக்கு நியூயார்க் போதும். 2010 நவம்பரில் மேயர் புளூம்பெர்க், பத்திரிகை நிறுவன நிர்வாகியான கேத்தி பிளாக்கை சான்சலராக அறிவித்தார். சான்றிதழ் இல்லாததால் மாநிலக் கல்வி ஆணையர் விலக்கு தர வேண்டியிருந்தது. கல்வி அறிந்த ஒருவரை அடுத்த இடத்தில் வைத்த பிறகே விலக்கு கிடைத்தது. 2011 ஏப்ரலில், வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆனதும் அவர் போய்விட்டார்.

மியாமியில் வேறொரு வேடிக்கை. அப்போது மியாமியின் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்த கர்வால்யோ, நியூயார்க் பதவியை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். 2018 மார்ச் 1 அன்று, நேரலையில் ஓடிக்கொண்டிருந்த போர்டு கூட்டத்தில் உட்கார்ந்து, போர்டும் மக்களும் கெஞ்சக் கேட்டு, நடுவில் எழுந்து போய் போன் பேசிவிட்டு வந்து, போகவில்லை என்று அறிவித்தார். கிட்டத்தட்ட நான்கு வருடம் கழித்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போயே விட்டார். அவர் இடத்துக்கு மியாமி போர்டு ஒரே வாரம்தான் விண்ணப்ப அவகாசம் கொடுத்தது. அவசரம் என்று பலத்த விமர்சனம். 2022 ஜனவரியில் ஹோசே டோட்ரெஸைத் தேர்ந்தெடுத்தார்கள். மியாமியிலேயே பல வருடம் வளர்ந்து, அப்போது பக்கத்து கோலியர் மாவட்டத்தில் டெபுடியாக இருந்தவர். உள்ளூரா வெளியூரா என்றால் என்ன சொல்ல? அமெரிக்க மாவட்டங்கள் ரொம்ப விரும்புவது இந்த வகையைத்தான். ஒரு காலத்தில் நம் பிள்ளை, இப்போது வெளி உலகம் பார்த்தவர்.

என் அபிப்பிராயம் இது. பட்ஜெட் ஓரளவு சீராக இருந்து, புதிய பாடத்திட்டம் பாதியில் நின்றிருந்தால், உள்ளே இருப்பவர் லாபம். எந்தப் பள்ளியில் பஸ் தாமதம், எந்தப் பிரின்சிபாலிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பள்ளியை மூடப்போகிறார்கள், கணக்கில் குளறுபடி, பெற்றோருக்கு நம்பிக்கை போய்விட்டது என்றால் வெளியாள் நல்லது. இருபது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவரின் பதவியை உள்ளே இருப்பவரால் லேசில் வெட்ட முடியாது. வெளியாளுக்கும் விலை உண்டு. முதல் வருடம் ஊரைப் புரிந்துகொள்வதில் போகும், தன் ஆட்களைக் கூட்டி வருவார், பெரிய ஊர் கூப்பிட்டால் கிளம்பியும் விடுவார்.

அப்புறம் வெளியாளைச் சரிபார்ப்பது தனி வேலை. ஐயோவா மாநிலத்தில் டெ மொய்ன் மாவட்டம் 2023 இல் வெளியிலிருந்து எடுத்த சூப்பரிண்டெண்டெண்டை, 2025 செப்டம்பரில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்தார்கள். அவருக்கு வேலை அனுமதி இல்லை என்பதும் முனைவர் பட்டம் பற்றிய கேள்விகளும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தன. மாவட்டம் தேடல் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. "பின்னணியைச் சரிபார்த்தது யார், நிறுவனமா, நீங்களா?" என்று நம் போர்டைக் கேட்பதில் தவறே இல்லை.

அந்தக் க்ரீன் கார்டு நண்பருக்கு. போர்டு உறுப்பினருக்கு ஓட்டுப் போட அநேகமாக எல்லா இடத்திலும் குடியுரிமை வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ ஒரு விதிவிலக்கு. அங்கே 2018 இலிருந்து குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம். ஆனால் சர்வே நிரப்பவும், பொதுக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசவும் குடியுரிமை வேண்டாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரும் பேசலாம். வணக்கம், நன்றியை விட்டுவிட்டு முதல் வரியிலேயே விஷயத்துக்கு வாருங்கள்.

கடைசிக் கட்டம் ஒப்பந்தம். பெயர் அறிவித்த சந்தோஷத்தில் இதை யாரும் படிப்பதில்லை. சம்பளத்தைவிட, நடுவில் அனுப்பினால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற பிரிவைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் அந்தத் தொகை அதிகபட்சம் 12 மாதச் சம்பளம். டெக்சாஸில் ஒரு வருடச் சம்பளம், சலுகைகளுக்கு மேல் கொடுத்தால் அதற்குத் தக்க மாநில நிதி பிடிக்கப்படும். கலிஃபோர்னியாவில் ஓட்டெடுப்புக்கு முன் சம்பளம், சலுகைகளின் சுருக்கத்தைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றும் விதி. அங்கே வழக்கமான கூட்டத்தின் அஜெண்டா 72 மணி நேரம் முன்பே மாவட்ட இணையதளத்தில் ஏறிவிடும். ஒப்பந்தம் பெரும்பாலும் அதோடு இணைப்பாக இருக்கும். படிக்க அரை மணி நேரம் ஆகும்.