நாள் கணக்கும் மூச்சுக் கணக்கும்: வைரஸ் சளிக்காய்ச்சலில் யார் வார்டுக்கு வருகிறார்கள்?

"காய்ச்சல்தான் இறங்கிடுச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு அட்மிஷன்?" நுரையீரலில் வைரஸ் தொற்றோடு வருபவர்களின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தெர்மாமீட்டரில் எண் இறங்கினால் நோயும் இறங்குகிறது என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆனால் உள்நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தால், காய்ச்சலை நம்பி முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து என்பது தெரியும்.

கோவிட் பரவத் தொடங்கிய மாதங்களில் சீனாவில் 1,099 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார்கள். அட்மிஷன் நேரத்தில் காய்ச்சல் இருந்தவர்கள் 43.8 சதவீதம்தான். பிறகு, வார்டில் இருந்த நாட்களில் காய்ச்சல் வந்தவர்களையும் சேர்த்தால் 88.7 சதவீதம். நியூயார்க் வட்டாரத்தில் 2020 வசந்தத்தில் சேர்க்கப்பட்ட 5,700 பேரிலோ, வந்தவுடன் பார்த்தபோது காய்ச்சல் இருந்தவர்கள் 30.7 சதவீதம் மட்டுமே. வாசலில் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்து "நார்மல்" என்று உள்ளே அனுப்பியதெல்லாம் எவ்வளவு தூரம் பயன்பட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, காய்ச்சலை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? முதலில் நாளை எண்ணுங்கள். வூஹானில் முதலில் சேர்க்கப்பட்ட 41 பேரைப் பற்றிய அறிக்கையில், எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே ஓர் எண்தான்: மூச்சுத்திணறல் வந்தவர்களுக்கு, முதல் அறிகுறியிலிருந்து அது தொடங்க ஆன காலம், நடுமதிப்பாக 8 நாள் (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு). அதாவது முதல் வாரம் சாதாரண இருமல், உடம்பு வலி, அசதி. வீட்டில் எல்லோரும் "குறைஞ்சிடுச்சு" என்று மூச்சு விடும் நேரத்தில்தான் நுரையீரலின் கதை ஆரம்பிக்கிறது. முதல் கட்டத்தில் வேலை செய்வது வைரஸ். இரண்டாம் கட்டத்தில் பெரும்பாலான சேதத்தைச் செய்வது நம் உடம்பின் சொந்த எதிர்ப்பு. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்தை 2020இல் பிரிட்டனில் சோதித்தபோது இந்த வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே அது இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. முதல் நாளே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

இன்ஃப்ளூயன்சாவின், அதாவது ஃப்ளூவின், நாள் கணக்கு வேறு. தொற்றிய 1 முதல் 4 நாளுக்குள் படுக்கையில் தள்ளிவிடும். நுரையீரலைத் தாக்குவதானால் அதையும் சீக்கிரமே செய்துவிடும். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மருந்தை, அறிகுறி தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும் என்பதால் இங்கே தாமதம் வீண். ஆனால் வார்டில் சேரும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு, அந்த நேரம் தாண்டியிருந்தாலும் கொடுக்கிறோம். இன்னொரு பழைய தந்திரம் ஃப்ளூவுக்கு உண்டு: காய்ச்சல் நின்று, ஆள் எழுந்து நடமாடத் தொடங்கிய சில நாட்களில் மறுபடி குளிர் காய்ச்சல், நெஞ்சுவலி, பழுப்பான சளி. இது பெரும்பாலும் வைரஸ் இல்லை. வைரஸ் புண்ணாக்கிப் போன இடத்தில் நிமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா குடியேறியிருக்கும். ஆன்டிபயாட்டிக் உண்மையிலேயே தேவைப்படும் நேரம் இதுதான்.

அடுத்தது மூச்சு. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் ஆக்சிமீட்டர் இல்லாவிட்டாலும் கடிகாரம் போதும். நோயாளி பேசாமல் அமைதியாக இருக்கும்போது, முழுதாக ஒரு நிமிடம் மார்போ வயிறோ ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25ஐத் தொட்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 30ஐத் தாண்டினால் அது தீவிர நோய். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு: 2 மாதத்துக்குக் கீழே 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. அந்த அளவையோ அதற்கு மேலோ எண்ணினால் வேகமூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரமான, சில்லிட்ட விரலும் நகப்பூச்சும் எண்ணைக் கெடுக்கும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. 94 என்று காட்டும்போது ஆள் வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால் ஆளை நம்புங்கள், கருவியை அல்ல. நுரையீரல் நோய் எதுவும் முன்பே இல்லாதவருக்கு 92 அல்லது அதற்குக் கீழே என்றால் அது அவசரம்.

இனி, யார் வருகிறார்கள் என்பது. ஒவ்வொரு வைரஸும் தன் ஆட்களைத் தானே பொறுக்குகிறது. ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸ் முக்கியமாகப் பிடிப்பது கைக்குழந்தைகளை. பிறந்ததிலிருந்து ஆரோக்கியமாக இருந்த குழந்தைகளே அதில் அதிகம். 2009இல் வந்த எச்1என்1 வகை ஃப்ளூ இளையவர்களையும் கர்ப்பிணிகளையும் உடல் பருமன் உள்ளவர்களையும் வார்டுக்குக் கொண்டுவந்தது; 1957க்கு முன்பு சுற்றிய பழைய எச்1என்1 வகைகளைச் சந்தித்திருந்த முதியவர்களுக்கு ஓரளவு காப்பு இருந்தது. கோவிட் இதற்கு நேர்மாறு, வயது ஏற ஏற ஆபத்து ஏறியது.

இப்படிப்பட்ட பட்டியல்களைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். நியூயார்க் நோயாளிகளில் 56.6 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு என்றதும் பிபி உள்ள எல்லோரும் நடுங்கினார்கள். அவர்களின் வயதின் நடுமதிப்பு 63. அந்த வயதில் ரத்தக்கொதிப்பு சர்வசாதாரணம். அதேபோல வூஹானின் 41 பேரில் 6 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 15 சதவீதம். 1,099 பேர் தொகுப்பில் அதுவே 1.4 சதவீதம். அதற்குள் வைரஸ் சாந்தமாகிவிடவில்லை. முதல் தொகுப்பில் 41 பேருக்கும் நிமோனியா இருந்தது. இரண்டாவதில் லேசானவர்களும் சேர்ந்தார்கள், பெரும்பாலானோர் கணக்கெடுத்த நாளில் இன்னும் படுக்கையில்தான் இருந்தார்கள். வார்டுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணி ஊரின் இறப்பு விகிதத்தைச் சொல்ல முடியாது.

முதியவர்கள் விஷயத்தில் பாடப்புத்தக அறிகுறிகளை எதிர்பார்க்காதீர்கள். காய்ச்சலோ இருமலோ பெரிதாக இருக்காது. திடீரென்று குழம்பிப் பேசுவார்கள், தடுமாறி விழுவார்கள், சாப்பாடு வேண்டாம் என்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரை அளவு காரணமில்லாமல் எகிறும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று இரண்டு நாள் கழிந்துவிடுகிறது.

இதயத்தையும் சொல்ல வேண்டும். கனடாவில் 2018இல் வெளியான ஆய்வின்படி, ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற காலத்தைவிட ஏறத்தாழ 6 மடங்கு. அதனால் இதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் காய்ச்சல் நாட்களில் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. நெஞ்சு அழுத்தத்தை "இருமி இருமி வந்த வலி" என்று ஒதுக்கவும் கூடாது. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அந்த மாத்திரைச் சீட்டோடு, முதல் அறிகுறி தொடங்கிய தேதியையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எங்களின் முதல் கேள்வி பெரும்பாலும் அந்தத் தேதிதான்.