ஜங்கிள் என்றால் எந்தக் காடு?

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற சாலையில் வல்லநாட்டு மலையைப் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே எழும்பிய உடைமரம், விடத்தலை. அவற்றின் அடியில் காரை, களா, சூரை, சங்கஞ்செடி, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இந்த நிலத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள்கூட ‘ஸ்க்ரப் ஜங்கிள்’ என்றே போடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜங்கிள் என்ற சொல்லின் மூலம் வடமொழி ‘ஜாங்கலம்’. மழை குறைந்த, மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் வறண்ட நிலம் என்று பொருள். ஆயுர்வேதம் நீர்வளம் மிக்க நிலத்தை ஆனூபம் என்றும் வறண்டதை ஜாங்கலம் என்றும் பிரிக்கும். அது இந்தியில் ஜங்கல் ஆகி, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. போன இடத்தில் பொருள் தலைகீழாகிவிட்டது. இன்று ஜங்கிள் என்றதும் பாபநாசத்துக்கு மேலே, மலையில் இருக்கும் மழைக்காடுதான் நினைவுக்கு வருகிறது. பழைய பொருளில் வல்லநாடுதான் ஜாங்கலம். அங்கே 1987இல் 16.41 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் அமைத்துக் காப்பாற்றப்படும் வெளிமான், மழைக்காட்டில் பிழைக்காது. மேய்வதற்கு வெளியும், குட்டியை மறைத்து வைக்கப் புல்லும் புதரும் வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? புதர் என்பார்கள். நல்ல பழஞ்சொல். சங்கப் பாடல்களில் அது ‘புதல்’. பந்தல் பந்தர் ஆனது போல, சாம்பல் சாம்பர் ஆனது போல, புதல் புதர் ஆயிற்று. கடைசி எழுத்து மாறியும் பொருள் மாறாத இதை இலக்கணத்தில் கடைப்போலி என்போம். ஆனால் புதர் என்றால் அடர்ந்த செடிக்கூட்டம் மட்டுமே. ஊடே நிற்கும் குட்டை மரங்கள் அதில் அடங்கா.

புதரும் சிறுமரமும் நெருங்கி வளர்ந்த இடத்துக்கு ‘இறும்பு’ என்று ஒரு சொல் உண்டு. அகராதி தரும் பொருள் குறுங்காடு. இங்கே ‘குறு’ மரத்தின் உயரத்தைச் சொல்கிறது. இப்போது மியாவாக்கி முறையில் நெருக்கி நடும் தோப்புகளையும் குறுங்காடு என்று அழைக்கிறோம். அங்கே ‘குறு’ பரப்பின் அளவு. இரண்டும் குழம்பாமல் இருக்க, எழுத்தில் இறும்பையே மீட்டெடுக்கலாம் என்பேன்.

பேச்சில் அந்தக் கவலையே இல்லை. நம் பக்கத்தில் எது அடர்ந்து நிற்கிறதோ அதன் பெயரைக் காட்டோடு சேர்த்துவிடுவார்கள். “ஏல, உடங்காட்டுக்குள்ள செருப்பில்லாமப் போவாத” என்று ஆச்சி அதட்டுவாள். செடிகொடி மூடிய சிறு பாறைக்குன்று என்றால் பொத்தை. ஆடு மேய்க்கிறவர்கள் ‘பொத்தைக்குப் போயிருக்கேன்’ என்றால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

புலிகள் காப்பகத்தின் பெயரில் நிற்கும் களக்காடும் இப்படி வந்த பெயர்தான் என்பார்கள், களாச் செடி நிறைந்த காடு. காய் பறித்தால் காம்பில் பால் வடியும், விரலில் ஒட்டிக்கொள்ளும். பழுத்தால் கறுத்துவிடும். புளிப்பு போகாது.