பச்சை பெல்ட்டோடு ஏன் நின்றுபோகிறோம்?

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தமிழர் வீட்டு வரவேற்பறைகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு படம் உண்டு. வெள்ளைச் சீருடை, இடுப்பில் மஞ்சளோ பச்சையோ பெல்ட், முஷ்டியை மடக்கிக்கொண்டு முறைக்கும் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கும். கராத்தேயோ தேக்வாண்டோவோ இரண்டு வருஷம் போனார், அப்புறம் நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டால், "எஸ்.பி.எம். வந்துருச்சு, டியூஷன், எங்க நேரம்?" என்பார். பொய் இல்லை. ஆனால் பள்ளி இறுதித் தேர்வான அதே எஸ்.பி.எம். வருஷத்தில் ஃபுட்சால் விளையாட நேரம் இருந்திருக்கும். நேரம் போவதற்கு முன்பே ஆசை போய்விட்டது.

இதைச் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். மாஸ்டர்களும் அப்படித்தான் திட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பயிற்சியின் நடுக்கட்டத்தில் ஆர்வம் வடிவது மூளையின் இயல்பான வேலைமுறை. அது எங்கே வடிகிறது என்று தெரிந்தால் அங்கே கொஞ்சம் அடைக்கலாம்.

டோபமைன் என்ற பெயரைக் கேட்காதவர்கள் இன்று குறைவு. இன்பம் தரும் ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பாதி உண்மைகூட இல்லை. சுவிட்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவுசெய்தார். சாறு எதிர்பாராமல் கிடைத்தபோது அணுக்கள் படபடவென்று துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கைக் கண்டதும் துடித்தன. சாறு வாய்க்கு வந்தபோது பேசாமல் இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான துடிப்பும் குறைந்தது. இந்த அணுக்கள் முக்கியமாகக் கணக்கிட்டது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. 1997இல் ஷூல்ட்ஸும் இரண்டு சகாக்களும் இதை ஒரு கணக்கு மாதிரியாக வெளியிட்டார்கள். இன்றைக்கும் இத்துறையின் அடிப்படைகளில் அது ஒன்று.

முதல் மாத வகுப்பை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இடது கால் முன்னே போக வேண்டிய இடத்தில் வலது கால் போகும். மூன்றாம் வாரம் ஒரு மாலை, யாரும் சொல்லாமலே கால் சரியாக விழுகிறது. உதை கொஞ்சம் உயருகிறது. சிலம்பம் கற்பவராக இருந்தால், அதுவரை முழங்கையில் இடித்துக்கொண்டிருந்த கம்பு திடீரென்று இடிக்காமல் சுற்றுகிறது. நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைக்கிறது. வாரத்துக்கு வாரம் ஒரு வியப்பு. வெளியே மழை கொட்டினாலும் கிளம்பச் சொல்கிறது மூளை.

அந்தக் கிளம்புதலிலும் டோபமைனுக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் ஜான் சலமோன் என்பவர் எலிகளுக்கு இரண்டு வழிகள் வைத்தார். ஒன்றில் கொஞ்சம் தீனி, தடை இல்லை. இன்னொன்றில் நிறையத் தீனி, ஆனால் நடுவே ஏறிக் கடக்க வேண்டிய தடுப்பு. சாதாரண எலிகள் பெரும்பாலும் தடுப்பை ஏறின. மூளையின் குறிப்பிட்ட பகுதியில் டோபமைனைக் குறைத்த எலிகள் எளிய வழிக்கே போய்க் கொஞ்சத்தைத் தின்றன. தடுப்பே இல்லாதபோது அவையும் நிறையத் தீனி இருந்த பக்கத்தையே தேர்ந்தெடுத்தன. ஆசை அற்றுப்போகவில்லை, சிரமப்படும் விருப்பம்தான் குறைந்தது. எலியையும் மனிதரையும் அப்படியே ஒப்பிட முடியாது, சரி. ஆனாலும் வேலை முடிந்து ஜாலான் ஈப்போ நெரிசலில் மோட்டாரை நிறுத்திக்கொண்டு, நேரே வகுப்புக்கா, இடப்பக்கம் திரும்பிச் சாப்பிட மாமாக் கடைக்கா என்று யோசிக்கும் ஆளுக்கு அந்த எலியின் நிலைமை புரியும்.

இனி நடுக்கட்டமான பச்சை பெல்ட்டுக்கு வருவோம். எந்தத் திறனிலும் முன்னேற்றம் தொடக்கத்தில் தாவும், போகப்போக ஊரும். 1890களில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்திப் பணியாளர்கள் கற்கும் வேகத்தை வாரவாரம் அளந்தார்கள். வரும் செய்தியைக் கேட்டு எழுதும் திறன் கொஞ்ச காலம் ஏறி, பிறகு பல வாரங்கள் அசையாமல் கிடந்து, மறுபடி ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்டவர் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கும் முன் வரும் தேக்கம் அது என்று விளக்கினார்கள். பிற்காலச் சோதனைகள் சிலவற்றில் இந்தத் தேக்கம் தென்படவில்லை, ஆகவே இதை விதி என்று கொள்ள வேண்டாம். ஆனால் தேக்கம் போலத் தோன்றும் இடத்திலும் முன்னேற்றம் நிற்பதில்லை என்பதற்கு வேறு சான்று உண்டு. 1959இல் கிராஸ்மேன் என்பவர் இயந்திரத்தில் சுருட்டு செய்யும் தொழிலாளர்களின் வேகத்தை ஆராய்ந்தபோது, லட்சக்கணக்கான சுருட்டுகளுக்குப் பிறகும் அவர்கள் வேகம் கூடிக்கொண்டே போனது தெரிந்தது. கூடிய அளவுதான் மிகச் சிறியது. செய்பவருக்கே தெரியாத அளவு.

சிக்கல் இங்கேதான். முன்னேற்றம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் வியப்பு இல்லை. வியப்பு இல்லாவிட்டால் அந்த அணுக்கள் பேசாமல் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரிய வைக்க மலிவான வழி கைப்பேசி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே இடம், அதே கோணம், பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடப் பதிவு போதும். பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டும்: உதைத்த கால் தரைக்கு வருமுன் முட்டி மடங்கித் திரும்புகிறதா, அல்லது பொத்தென்று விழுகிறதா? பத்து உதையில் எத்தனை முறை? "நல்லா இருக்கா?" என்ற கேள்விக்கு மூளையால் பதில் சொல்ல முடியாது. பத்தில் நான்கு ஆறானால் அதற்குப் புரியும்.

பெல்ட் இந்த வேலையைத்தான் செய்யப் பார்க்கிறது. ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ 1883இல் 'டான்' எனும் உயர்நிலைத் தரவரிசையைக் கொண்டுவந்தார். 1924இல் கிச்சின் ஃபுனகோஷி அதைக் கராத்தேக்கு எடுத்துக்கொண்டார். நமக்குப் பழக்கமான வண்ண வரிசை பின்னால் வந்தது. தேக்வாண்டோவும் இதே ஏணியோடுதான் இங்கே வந்தது. அதை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான சோய் ஹொங் ஹீ 1960களின் தொடக்கத்தில் இங்கே தென்கொரியத் தூதராகவே இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஏணி நல்லதுதான், ஆனால் அதில் ஒரு வில்லங்கம். 1973இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய சிறு பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு, வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து அந்தக் குழுவினர் சும்மா வரையச் செலவழித்த நேரம் மற்றப் பிள்ளைகளுடையதில் பாதி அளவுதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு இந்தக் கேடு வரவில்லை. கிரேடிங் எனும் பெல்ட் தேர்வுக்காகவே பயிற்சி செய்யும் பிள்ளைக்கும் இதே ஆபத்து இருக்கிறது என்பது என் கணிப்பு. அதிலும் மேலே போகப்போக ஒரு பெல்ட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீளும். காபிக் கடை முத்திரை அட்டைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், இலவசக் காபி நெருங்க நெருங்க வாடிக்கையாளர்கள் அடிக்கடி வந்தார்கள்; அதை வாங்கிப் புதிய அட்டையைத் தொடங்கியதும் மறுபடி மந்தமானார்கள். கிரேடிங் முடிந்த அடுத்த வாரம் வகுப்பில் ஆள் குறைவது இதனால்தானோ என்னவோ. அந்த வாரம் பார்த்து ஏதாவது புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

வகுப்பு எப்போதும் இனிக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. 1979இல் ஷே, மார்கன் இருவரும் மூன்று கையசைவுகளைச் சிலருக்கு ஒவ்வொன்றாகவும், சிலருக்குக் கலந்தும் பழக்கினார்கள். பயிற்சியின்போது முதல் குழு பிரமாதம். பத்து நாள் கழித்துச் சோதித்தால் கலந்து பழகியவர்களே மேல். ஆக, தடுமாறித் திணறி எரிச்சலோடு வீடு திரும்பும் மாலைகளில் சில, உண்மையில் நன்றாகக் கற்ற மாலைகள்.

இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு சண்டைக் காணொளி பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஊக்கம் தருவதாகவே தோன்றும். ஆனால் காப்பஸ், ஓட்டிங்கன் என்ற உளவியலாளர்கள் 2011இல் காட்டியது வேறு: விரும்பியது கைகூடிவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்கு இரத்த அழுத்தம் தணிந்தது, உடல் சுறுசுறுப்பு குறைந்தது. கிடைத்துவிட்டதாக எண்ணி உடல் ஓய்வெடுக்கிறது. காணொளி பார்ப்பதானால் ஒரு காலடியை மட்டும் பார்த்து, உடனே எழுந்து நாலு முறை செய்துபார்ப்பது மேல்.

இதையெல்லாம்விட வலுவானது கூட்டாளி. 1920களில் பெர்லின் படகு மன்றம் ஒன்றின் உறுப்பினர்களை வைத்து ஓட்டோ கோலர், பளு தூக்கும் சோதனை நடத்தினார். இருவர் சேர்ந்து தூக்கி, ஒருவர் விட்டால் ஆட்டம் முடியும் என்ற நிலையில், பலம் குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் பலத்தில் வித்தியாசம் நடுத்தரமாக இருந்தபோது இது நன்றாக வேலைசெய்தது; மிக அதிகமானால் பலன் குறைந்தது. கருப்பு பெல்ட் அண்ணனோடு ஜோடி சேர்வதைவிட, உங்களைவிட ஆறு மாதம் முந்தியவரோடு சேருங்கள். அவரும் உங்கள் தாமானிலேயே, அதாவது அதே குடியிருப்புப் பகுதியிலேயே, இருந்து, ஒரே மோட்டாரில் போவதானால் இன்னும் நல்லது. வாசலில் ஒருவர் ஹாரன் அடிக்கும்போது மாமாக் கடைப் பக்கம் திரும்புவது கடினம்.

லண்டனில் 96 பேரை வைத்து ஃபிலிப்பா லாலி நடத்திய ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊற 18 முதல் 254 நாள் வரை ஆனது. நடுநிலை மதிப்பு 66 நாள். சாப்பாட்டுப் பழக்கங்களைவிட உடற்பயிற்சிக்குக் காலம் கூடுதல். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை. தைப்பூசம், தீபாவளி என்று வகுப்பு இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால்தான் கொஞ்சம் கவனம் தேவை. அவ்வளவு நாளில் மூச்சுத் திறன் இறங்கத் தொடங்கிவிடும், கற்ற அசைவுகள் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. திரும்பிய முதல் வாரத்தில் மூச்சு வாங்குவதை வைத்து எல்லாம் போச்சு என்று முடிவுகட்டியே பலர் நிற்கிறார்கள். அந்த வாரம் மூச்சைப் பார்க்காமல், காத்தா எனும் கராத்தே அசைவுத் தொடரையோ காலடி வரிசையையோ மெதுவாக ஒருமுறை செய்து எத்தனை இடத்தில் மறந்தது என்று மட்டும் எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாலும் பயந்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.