வாய்தா தேதியும் நீதிமன்றக் கணக்கும்: சி.என்.ஆர். எண்ணை வைத்து எதையெல்லாம் பார்க்கலாம்?

அடுத்த வாய்தா என்றைக்கு என்று தெரிந்துகொள்ள வக்கீல் குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக் காத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். மாவட்ட, தாலுகா நீதிமன்ற வழக்குகளின் தேதி, நிலை, உத்தரவு எல்லாவற்றையும் ஈகோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ கட்டணமில்லாமல் நீங்களே பார்க்கலாம். நீதிமன்ற ஊழியர் கணினியில் ஏற்றும் அதே பதிவிலிருந்துதான் நாட்டின் நிலுவை வழக்குக் கணக்கும் எடுக்கப்படுகிறது. தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு என்ற அந்தக் கணக்கு 2015-ல் மாவட்ட நீதிமன்றங்களுக்குப் பொதுவில் திறக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதில் சேர்ந்தது.

முதலில் வேண்டியது சி.என்.ஆர். எண், அதாவது ஈகோர்ட்ஸ் பதிவில் ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண். மொத்தம் 16 எழுத்தும் எண்ணும்: மாநிலத்துக்கு 2, மாவட்டத்துக்கு 2, நீதிமன்ற வளாகப் பிரிவுக்கு 2, வழக்குக்கு 6, ஆண்டுக்கு 4. இடைவெளியோ கோடோ இல்லாமல் சேர்த்து அடிக்க வேண்டும். 'பதிவு இல்லை' என்று வந்தால் பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்குப் பதில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருப்பீர்கள். அசல் வழக்கு எண் வேறு, சி.என்.ஆர். வேறு. மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் போனால் அங்கே புது எண் கிடைக்கும்.

எண் கையில் இல்லையென்றால் தரப்பினர் பெயரை வைத்துத் தேடலாம். மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு மூன்றையும் கொடுத்து, பெயரில் குறைந்தது மூன்று எழுத்துகள் அடிக்க வேண்டும். முழுப் பெயரையும் அடிப்பதுதான் இங்கே பலர் செய்யும் தவறு. லட்சுமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! இனிஷியல் முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். பெயரின் நடுவில் மாறாத மூன்று, நான்கு எழுத்துகளைப் போட்டால் சீக்கிரம் அகப்படும். முடிந்த வழக்கு என்றால் 'நிலுவை' என்பதை 'முடிவானவை' என்று மாற்றித் தேடுங்கள்.

இணைய வசதி இல்லாத போனிலிருந்து, ஆங்கிலத்தில் ஈகோர்ட்ஸ் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு சி.என்.ஆர். எண்ணை 9766899899-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வழக்கு நிலை பதிலாக வரும்.

திரையில் அடுத்த தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே வழக்கின் வரலாறு என்ற அட்டவணை இருக்கும். அதில் ஒவ்வொரு விசாரணைத் தேதியையும் தொட்டால் அன்று என்ன நடந்தது என்ற குறிப்பு திறக்கும். எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டதா, சாட்சி வரவில்லையா, நீதிபதி விடுப்பா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். வக்கீலிடம் பேசப் போகும் முன் கடைசி ஐந்து வாய்தாக்களின் குறிப்பைப் படித்துவிட்டுப் போங்கள். கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும்.

சில நேரம் வாய்தா முடிந்த பிறகும் பழைய தேதியே நிற்கும். அன்றைய நடவடிக்கையைப் பெஞ்ச் கிளார்க் இன்னும் ஏற்றவில்லை என்று பொருள். அப்போது திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. வக்கீலிடமோ நீதிமன்றத்திலோ கேட்டு உறுதிசெய்ய வேண்டும். வாய்தாவைத் தவறவிட்டு உரிமையியல் வழக்கில் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலே ஒருதலையாக, தீர்ப்பாகிவிட்டால், அதை ரத்துசெய்யக் கேட்க பொதுவாக 30 நாள்தான். இணையத்தில் வேறு தேதி இருந்தது என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பதிவிறக்கும் தீர்ப்பு படித்துப் பார்க்க மட்டுமே. மேல்முறையீட்டுக்கு, நீதிமன்றமே சரிபார்த்துத் தரும் சான்றிட்ட நகல் வேண்டும். உரிமையியல் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றம் போக 30 நாள், உயர் நீதிமன்றம் போக 90 நாள் கெடு. நகல் தயாராக ஆகும் காலம் இந்தக் கெடுவில் சேராது. ஆனால் நகல் மனு போடாமல் நீங்கள் கடத்தும் நாள்கள் சேரும். தீர்ப்பு வந்ததுமே மனுவைப் போட்டுவிடுங்கள்.

இனி நீதிமன்றத்தின் கணக்குக்கு வருவோம். தரவுத் தொகுப்பில் மாநிலம், மாவட்டம், நீதிமன்றம் என்று படிப்படியாக இறங்கலாம். எத்தனை வழக்கு நிலுவை, அவற்றின் வயது என்ன, போன மாதம் தாக்கலானது எத்தனை, முடிந்தது எத்தனை என்று பார்க்கலாம். தாமதத்துக்கான காரணங்களும் வகை பிரித்துப் போடப்பட்டிருக்கும்.

தீர்வு விகிதத்தைத் தனியாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். ஒரு மாதத்தில் 100 வழக்கு வந்து 110 முடிந்தால் 110 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முடிந்தவற்றில் பெரும்பாலானவை அபராதம் கட்டி முடித்தவையும் ஆள் வராமல் தள்ளுபடியானவையுமாக இருந்தால், பத்து வருடப் பாகப்பிரிவினை வழக்கு இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதனால் வயது அட்டவணையையும் சேர்த்தே பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியவை மாதாமாதம் குறைகின்றனவா என்பதுதான் எங்கள் கணிப்பில் உண்மையான அளவுகோல்.

உங்கள் வழக்கு தவறாக 'முடிவானது' என்று ஏறியிருந்தால் நிலுவைக் கணக்கிலிருந்தும் விழுந்துவிடும். பெயர், தேதி, நிலை எது தவறாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, வக்கீல் வழியாக அந்த நீதிமன்றத்திலேயே எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். பதிவு ஏறும் இடம் அந்த நீதிமன்றம் என்பதால், திருத்தமும் அங்கிருந்துதான் வர வேண்டும்.