ஹார்டு டிஸ்க் தெரியலையா? விண்டோஸ் பென்டிரைவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

"சார், ஹார்டு டிஸ்க் தெரியலை" என்று போன் வந்தால் நான் திருப்பிக் கேட்பது, "எங்கே தெரியலை?" என்பதுதான். பலருக்கு இந்தக் கேள்வியே எரிச்சலாக இருக்கும். ஆனால் பாதி வேலை அதற்கு வரும் பதிலிலேயே முடிந்துவிடும். ஆன் செய்ததும் கருப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றோ "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்றோ நின்றுவிடுவது ஒரு வகை. அதிலும் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே கம்ப்யூட்டரை எழுப்பும் அமைப்புத் திரையில், டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துக் கதை இரண்டாகப் பிரியும். விண்டோஸ் நன்றாக ஓடுகிறது, கூடுதலாகப் போட்ட டிஸ்க் மட்டும் காணோம் என்பது வேறொரு வகை. காரணமும் வைத்தியமும் ஒவ்வொன்றுக்கும் தனி. எல்லாவற்றுக்கும் சேர்த்து "ஓஎஸ் போட்டுப் பார்த்துடலாம்" என்று ஆரம்பிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் டேட்டா போகிறது. என் மேஜைக்கு வந்தவற்றில், முதலில் வந்த கோளாறால் போன டேட்டாவைவிட அதற்குப் பிறகு யாரோ அவசரப்பட்டுச் செய்த வேலையால் போனதுதான் அதிகம்.

எனவே ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் வீட்டில் கேட்டுவிடுங்கள்: அந்த டிஸ்க்கில் இருப்பதற்கு வேறு எங்காவது காப்பி உண்டா? பிள்ளைகளின் போட்டோ, கடையின் டேலி கணக்கு, முனைவர் பட்ட ஆய்வேடு எதுவானாலும் சரி, காப்பி இல்லை என்றால் அந்த டிஸ்க்கை எத்தனை முறை ஆன் செய்கிறோம் என்பதே ஒரு கணக்கு. காப்பி இருக்கிறது என்றால் கவலையே இல்லை, கீழே சொல்வதையெல்லாம் நிதானமாகச் செய்து பார்க்கலாம்.

முதலில் பயாஸ். ஆன் செய்தவுடன் டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் அசெம்பிள் செய்த பெரும்பாலான டெஸ்க்டாப்புகளில் உள்ளே போய்விடலாம். டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2. அங்கே "ஹார்டு டிஸ்க்" என்று கொட்டை எழுத்தில் இருக்காது, மாடல் எண்தான் இருக்கும். எஸ்டி என்று தொடங்கினால் சீகேட், டபிள்யூடி என்று தொடங்கினால் வெஸ்டர்ன் டிஜிட்டல். கொள்ளளவையும் பாருங்கள். 1 டிபி டிஸ்க் பூஜ்யமாகவோ சம்பந்தமில்லாத அளவாகவோ தெரிந்தால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் டிஸ்க்குக்குள்ளேயே கோளாறு. சாட்டா வயரில் இணையும் சில விலை குறைந்த எஸ்எஸ்டிகள், அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்குகள், தங்கள் சொந்தப் பெயரை விட்டுவிட்டு "சாட்டாஃபர்ம் எஸ்11" என்று காட்டும். ஃபைசன் கம்பெனியின் கண்ட்ரோலர் சிப் உள்ளவற்றில் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் இயக்க மென்பொருள்) கெட்டால் வருவது இது. கடையில் அதைப் பார்த்து "ஏதோ புது பிராண்டு போல" என்று சொன்னவர்களும் உண்டு.

பயாஸில் பெயரே இல்லையா? சரி, அப்போது விண்டோஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மின்சாரம், வயர், டிஸ்க் என்று மூன்றே இடம்தான் பாக்கி. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டைத் திறந்தால் டிஸ்க்கின் பின்னால் இரண்டு இணைப்புகள் இருக்கும்: 7 முனை கொண்ட மெல்லிய டேட்டா கேபிள், 15 முனை கொண்ட அகலமான பவர் கேபிள். இரண்டுக்குள்ளும் சின்ன எல் வடிவம் இருப்பதால் தலைகீழாக ஏறாது. வம்படியாகத் திணித்தால் டிஸ்க் பக்கத்து பிளாஸ்டிக் உடைந்து கையோடு வந்துவிடும். கழற்றி, ஊதித் தூசி போக்கி, மறுபடியும் இறுக்கமாகச் செருகுங்கள். வீடு மாறும்போது வேனில் குலுங்கி வந்த கம்ப்யூட்டர்கள் பலவும் இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும். அதற்கு 500 ரூபாய் வாங்குவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கும்.

அப்படியும் வரவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். இதற்காகச் சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டாம். உங்கள் கேபினட்டிலேயே யாரும் தொடாத டிவிடி டிரைவ் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், அதன் கேபிளும் இதே கேபிள்தான். எடுத்து இதில் போடுங்கள். மதர்போர்டில் வேறு சாட்டா போர்ட்டுக்கும் மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளை பெட்டியிலிருந்து வரும் வேறொரு பவர் முனையையும் போட்டுப் பாருங்கள். பழைய நாலு முனை பிளக்கிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான கன்வர்ட்டர் இருந்தால் அதை முகர்ந்து பாருங்கள், உருகிய வாடை வருகிறதா என்று. நான் அதை எங்கே பார்த்தாலும் கழற்றிவிடுவேன்.

"ஃபேன் சுத்துது சார், பவர் வருது" என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. டெஸ்க்டாப்பில் போடும் மூன்றரை அங்குல டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், அதன் போர்டுக்கு 5 வோல்ட். சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். கேபினட் ஃபேனுக்கு அதில் சிறு பங்கு போதும். தளர்ந்துபோன எஸ்எம்பிஎஸ் ஃபேனைச் சுற்றவைக்கும், டிஸ்க்கைக் கைவிட்டுவிடும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில், கோடையில், இது சகஜம்.

இனி டிஸ்க்கையே கவனிக்கலாம். கேபினட் திறந்திருக்க, ஆன் செய்யும்போது டிஸ்க்கின் மேல் விரலை லேசாக வையுங்கள். நல்ல டிஸ்க் மெல்லிய முனகலுடன் வேகம் பிடிக்கும், அதிர்வு விரலில் தெரியும், கடைசியில் ஒன்றிரண்டு சின்னச் சத்தம் வரும், பிறகு சீராகிவிடும். வேகம் பிடித்து, டக்... டக்... டக்... என்று தாளம் தப்பாமல் தட்டிவிட்டு அடங்கினால், டேட்டாவைப் படிக்கும் ரீடிங் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். டேட்டா வேண்டும் என்றால் அதோடு பவரை நிறுத்துங்கள். இன்னொரு தடவை பார்க்கலாம் என்ற ஆசையே வேண்டாம். அடிபட்ட ஹெட் ஒவ்வொரு சுற்றிலும் டேட்டா பதிந்திருக்கும் தட்டின் மேல்பூச்சைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம், சுரண்டிய இடத்தில் இருந்ததை எந்த டேட்டா மீட்பு லேபும் மீட்டுத் தராது.

சுற்றவே இல்லை, சின்னதாகப் பீப் போல ஒரு முனகல் மட்டும் வருகிறது என்றால் ஹெட் தட்டோடு ஒட்டியிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். யூடியூபில் பார்த்துவிட்டு மூடியைத் திறக்காதீர்கள். ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. அந்த இடைவெளியோடு ஒப்பிட்டால் நம் வீட்டுத் தூசி ஒவ்வொன்றும் பாறை. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்ற பழைய வைத்தியமும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்து, இருந்த உயிரும் போகும். அதே மாடல் டிஸ்க் வாங்கி அதன் சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றும் வேலையும் இப்போது அவ்வளவு சுலபமில்லை. ஒவ்வொரு போர்டிலும் அந்தக் குறிப்பிட்ட டிஸ்க்குக்கே உரிய அளவுகள் ஒரு சின்ன சிப்பில் பதிந்திருக்கும். அந்த விவரமும் கூடவே மாறினால்தான் டிஸ்க் பேசும்.

சத்தமே இல்லாமல் கிடப்பதெல்லாம் செத்த டிஸ்க் அல்ல. ஒரு கல்யாண போட்டோகிராபர் பெரிய எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு 12 வோல்ட் அடாப்டர். அவசரத்தில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகியிருக்கிறார், முனை அளவு பொருந்திவிட்டது. போர்டைக் கழற்றிப் பார்த்தால் பவர் நுழையும் இடத்தருகே மிளகளவு கருப்புத் துண்டு ஒன்று வெடித்து, சுற்றிலும் கரி. அது டிவிஎஸ் டயோடு. அதிக வோல்டேஜ் வந்தால் தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே வைத்திருப்பது. அதை எடுத்துவிட்டு, சரியான 12 வோல்ட் கொடுத்து, ஓடிய சூட்டோடு எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டோம். மூன்று முகூர்த்தப் படங்கள் அதில் இருந்தன. 2009-ல் வெளிச்சத்துக்கு வந்த சீகேட் பாரகுடா 7200.11 விவகாரமும் இந்த மாதிரிதான்: ஃபர்ம்வேர் கோளாறால் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகள் ஒருநாள் பயாஸில் தெரியாமல் போயின, உள்ளே டேட்டா அப்படியே இருந்தது. கம்பெனியே ஒப்புக்கொண்டு புது ஃபர்ம்வேர் வெளியிட்டது.

பயாஸில் டிஸ்க் இருக்கிறது, விண்டோஸ் மட்டும் ஏறவில்லை என்றால் அங்கே காட்டும் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. அது போனால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சாட்டா மோடு, அதாவது டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறை, ஏஹெச்சிஐயாக இருந்தது ரெய்டாகவோ ஐடிஈயாகவோ மாறியிருக்கலாம். மாறியிருந்தால் விண்டோஸ் நீலத் திரையில் "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று சொல்லும். பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருந்து, பயாஸ் யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறைக்கு மாறிவிட்டாலும் பூட் ஆகாது. பேட்டரியை மாற்றி, இருந்தபடி அமைத்துவிட்டால் முடிந்தது வேலை. பேட்டரி 50 ரூபாய்க்குள் கிடைக்கும்.

ஆனால் பயாஸில் கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை, இதை இப்போது அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. புது லேப்டாப்புகளில் உங்களுக்குத் தெரியாமலேயே டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கலாம். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால் பெரும்பாலும் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். பிறகு பயாஸில் செக்யூர் பூட் அமைப்பையோ டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பின் அமைப்பையோ நோண்டினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது வழக்கமாக அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கைத் திறந்து கொடுத்தது கடைப் பையனா, ஆபீஸ் நண்பரா, எந்த மெயில் ஐடி என்றே தெரியாமல் நிற்கிறார்கள். இன்றைக்கே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்து அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் டிஸ்க் நல்லபடியாக இருந்தும் பயனில்லை.

இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப்புகளில் தொடங்கி இன்னொரு குழப்பமும் உண்டு. விண்டோஸ் போடும்போது டிஸ்க் பட்டியலே காலியாக வரும். பயாஸில் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு ஆனில் இருப்பதுதான் பல நேரம் காரணம். அதற்காக இன்டெல் தரும் டிரைவர் மென்பொருளைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் மிஷினில் விஎம்டியை அணைத்தால் அதுவும் பூட் ஆகாது. மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி வாங்குபவர்கள் சாட்டா வகையா, அதைவிட வேகமான என்விஎம்ஈ வகையா, நம் போர்டின் ஸ்லாட் எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள். சில போர்டுகளில் எம்.2 செருகியதும் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு வேலை செய்யாது. புது எஸ்எஸ்டி போட்ட அன்றே பழைய டிஸ்க் காணாமல் போனால் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸ் ஓடுகிறது, இரண்டாவது டிஸ்க்தான் இல்லை என்பவர்கள் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் வரும். டிரைவ் எழுத்து மட்டும் விட்டுப்போயிருந்தால் அங்கேயே கொடுத்துவிடலாம். "இனிஷியலைஸ் செய்யவா", "ஃபார்மட் செய்யவா" என்று கேட்டால், புது டிஸ்க்குக்கு சரி என்று சொல்லலாம். நேற்றுவரை டேட்டா இருந்த டிஸ்க்கில் கேட்டால் கேன்சல். விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையும் அப்போது வேண்டாம். அது ஃபைல் அமைப்பைச் சரிக்கட்டப் பார்க்குமே தவிர ஃபைல்களைப் பற்றிக் கவலைப்படாது, நோயாளி டிஸ்க்கைப் போட்டு வாட்டவும் செய்யும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 ஆகிய வரிகளில் எண் ஏறியிருந்தால் தட்டின் பரப்பு கெட்டுவருகிறது. சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றுங்கள். பரப்பு கெட்ட டிஸ்க்கிலிருந்து ஃபைல் ஃபைலாக இழுக்காமல் டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் நகல் எடுப்பதுதான் முறை. அது படிக்க வரும் இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பும். எஸ்எஸ்டியாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. ஃபார்மட் செய்ததும், பழைய டேட்டா இனி வேண்டாம் என்று சொல்லும் டிரிம் கட்டளை எஸ்எஸ்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், பழையதை மீட்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை.

கடையில் கொடுப்பதாக இருந்தால் டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜாப் ஷீட்டில் "டேட்டா வேண்டும், கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று எழுதச் சொல்லி, அதன் நகலை வாங்குங்கள். வாயால் சொன்னது கவுண்டரில் இருப்பவரோடு நின்றுவிடும், உள்ளே வேலை பார்ப்பவருக்குப் போகாது. வாரண்டி இருக்கிறது என்று கம்பெனிக்கு அனுப்பினால் வேறு டிஸ்க் வரும், பழையது திரும்ப வராது, டேட்டாவுக்கு வாரண்டியும் கிடையாது. அதனால் மீட்க வேண்டியதை மீட்ட பிறகு அனுப்புங்கள். லேபில் கொடுத்து மூடியைத் திறந்த டிஸ்க்குக்கு வாரண்டி கிடைக்குமா என்பதையும் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.