மயங்கி விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள்

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயில் கூட்டத்திலோ, தைப்பூசத்தன்று வடலூரில் ஜோதி தரிசனத்துக்குக் காத்திருக்கும் வரிசையிலோ ஒருவர் கண் இருட்டிச் சரிந்தால், சுற்றி நிற்பவர்கள் உடனே அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து வாயில் சோடாவைப் புகட்டப் பார்க்கிறார்கள். கை கால் இரண்டு முறை வெட்டினால் இரும்புச் சாவியும் வந்துவிடும். கடலூரில் பொது மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, இந்த மயக்கத்தைவிட அதைத் தொடர்ந்து நடப்பவைதான் அதிகக் கவலை தருகின்றன.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. வழக்கமாக ரத்தக் குழாய்கள் சுருங்கியும் இதயம் சற்று வேகமாகத் துடித்தும் அதை ஈடுசெய்கின்றன. நெடுநேரம் நிற்றல், வெயில், வெறும் வயிறு, வலி, ரத்தத்தைக் கண்ட அச்சம் ஆகியவற்றால் சிலருக்கு இது தலைகீழாகிறது: வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்க, அதே வேளையில் குழாய்கள் விரிய, ரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறைந்துவிடுகிறது. 1932இல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் இதற்கு இட்ட வாசோவேகல் மயக்கம் என்ற பெயரே இன்றும் வழக்கில் உள்ளது.

தரையில் கிடத்தியதும் ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதால், பெரும்பாலோருக்கு ஒரு நிமிடத்துக்குள் நினைவு வந்துவிடும். நிமிர்த்தி உட்கார வைத்தால் மூளைக்கு ரத்தம் திரும்புவது தாமதமாகி, மயக்கம் நீள்வதோடு கை கால் வெட்டலும் வரக்கூடும். ஆகவே மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்துங்கள். கர்ப்பிணியையும் வாந்தி எடுப்பவரையும் ஒருக்களித்துக் கிடத்துங்கள். முழுத் தெளிவு வரும்வரை எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். ஓரிரு நிமிடங்களில் நினைவு திரும்பாவிட்டாலோ மூச்சு சீராக இல்லாவிட்டாலோ 108ஐ அழைக்க வேண்டும்.

அந்தச் சில நொடி வெட்டலைக் கண்டே வலிப்பு என்று முடிவுகட்டி, ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு வரும் இளம்பெண்களைப் பார்த்திருக்கிறேன். திருமணப் பேச்சு வரை அந்தப் பெயர் துரத்துகிறது. வாசோவேகல் மயக்கத்துக்கு முன் குமட்டல், கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, கண் மங்கல் ஆகியவை தோன்றும், முகம் வெளுக்கும், விழித்ததும் சோர்வு இருந்தாலும் ஆள் அடையாளம் தெரியும். வலிப்பில் முகம் நீலம் பாரிப்பதும், நாக்கின் ஓரம் கடிபடுவதும், விழித்த பின்னும் பல நிமிடங்கள் குழப்பம் நீடிப்பதும் அதிகம். அதனால்தான் நோயாளியைவிட, அவர் விழுந்ததை நேரில் கண்டவரிடம் நான் அதிகம் கேட்கிறேன். பழைய முடிவில் ஐயம் எழுந்தாலும், வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் ஈசிஜி எடுப்பதும் எல்லோருக்கும் அவசியம். தலை ஸ்கேன் பெரும்பாலும் தேவையில்லை. ஐயம் நீடித்தால், மேசையில் படுக்க வைத்து, அதை 60 முதல் 70 பாகை வரை நிமிர்த்தி, மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் பரிசோதனை உதவும். ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கியவர், மயக்கத்துக்கு முன் நெஞ்சு படபடத்தவர், இதய நோய் உள்ளவர், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டவர் ஆகியோர் காலம் தாழ்த்தாமல் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாசோவேகல் என்று எண்ணி இவர்கள் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மருந்து வேண்டியதில்லை. ‘லோ பிரஷர்’ என்று அடிக்கடி குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதால் அடுத்த மயக்கம் தடைபடாது. தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும். ரத்தக் கொதிப்பும் இதய, சிறுநீரகக் கோளாறும் இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்டு உப்பைச் சற்றுக் கூட்டலாம். முதியவர்களுக்கு பிரஷர் மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் காரணமாகலாம் என்பதால் அவற்றின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்வார். கண் இருட்டும் அறிகுறி தெரிந்ததும் உடனே படுத்துவிடுவதே நல்லது. இடமில்லையென்றால் கால்களைக் குறுக்காகப் பின்னித் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குவதும், முஷ்டியை மடக்கிக் கைகளை முறுக்குவதும் அழுத்தத்தை உயர்த்திச் சில நிமிடம் காக்கும். அடிக்கடி விழுந்து அடிபடுபவர்களில் சிலருக்கு ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மிடோட்ரின் போன்ற மருந்தும், 40 வயது கடந்து இதயத் துடிப்பு நீண்ட நொடிகள் நின்றது பதிவான வெகுசிலருக்குப் பேஸ்மேக்கரும் தேவைப்படும்.

ஊசியைக் கண்டாலே மயங்கும் வழக்கம் உள்ளவர்கள் பரிசோதனைக் கூடத்தில் அதை முன்கூட்டியே சொல்லி, படுத்த நிலையிலேயே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகும் சில நிமிடம் படுத்திருந்து, மெல்ல உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள்.